வீட்டுப் பத்திரத்தை வைத்து இயந்திரம் வாங்கலாமா? – பட்டறைக் கேள்விகள்

கோவை கணபதியில் சப்மெர்சிபிள் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் பட்டறை எங்களுடையது. 1988-ல் நானும் என் கணவரும் வாடகைக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றைப் போட்டுத் தொடங்கினோம். அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். கணக்கு, வங்கி, வசூல் மூன்றும் என்னிடம் இருந்தன. இப்போது மகள் நடத்துகிறாள். தொழில் பற்றி வந்த கடிதங்களில், பணத்தோடு குடும்பமும் சிக்கிக்கொண்டிருப்பவற்றை இம்முறை முதலில் எடுத்துக்கொண்டேன். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 27. படித்தது மெக்கானிக்கல். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். கோவையில் சிஎன்சி லேத் (கணினிக் கட்டளைப்படி இரும்பைக் கடையும் இயந்திரம்) ஒன்று போட்டு ஜாப் ஒர்க் (பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்வது) செய்ய ஆசை. அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார். துணிந்து இறங்கலாமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

இறங்குங்கள், தம்பி. வீட்டுப் பத்திரத்தை மட்டும் அப்பாவின் பெட்டியிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் கணக்கு இல்லாததால் நானே போட்டுப் பார்த்தேன். இயந்திரம், ஸ்டெபிலைசர், கம்ப்ரசர், அளவுக் கருவிகள் எல்லாம் சேர்த்து 22 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 47,000 ரூபாய். இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு ஆபரேட்டர்கள், ஆளுக்கு 20,000. வாடகை, மின்சாரம், இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் ஆயில் என்று 30,000. ஆக மாதம் 1,17,000 ரூபாய். இயந்திரம் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் கிடைத்தால், மாதம் 390 மணி நேரம் ஓடியாக வேண்டும். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 16 மணி நேரம் என்று ஓட்டினாலும் இருப்பது 416 மணி நேரம்தான். செட்டிங் மாற்றும் நேரம், டூல் உடையும் நேரம், ஃபவுண்டரியிலிருந்து வார்ப்படம் வந்து சேராத நாள் எல்லாம் மிச்சமுள்ள 26 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். உங்கள் சாப்பாட்டுச் செலவை நான் இன்னும் எழுதவே இல்லை.

முதல் இயந்திரத்தை முழுக் கடனில் வாங்கி, ஊரில் கிடைக்கும் ஜாப் ஒர்க்கை நம்பித் தவணை கட்டுவது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் குறிச்சி சிட்கோவிலும் இரவு ஷிஃப்டில் சிஎன்சி சும்மா நிற்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஆர்டரை நீங்கள் பிடியுங்கள். மூலப்பொருளை வாங்கிக் கொடுத்து அவர்கள் இயந்திரத்தில் ஓட்டுங்கள். மைக்ரோமீட்டரை உங்கள் கையில் பிடித்து ஒவ்வொரு லாட்டையும் அளந்து டெலிவரி கொடுங்கள். யார் ஒழுங்காகப் பணம் தருகிறார், எந்த வேலையில் ரிஜெக்ஷன் அதிகம், எந்த அளவில் உங்களுக்குக் கை வருகிறது என்று ஓராண்டில் தெரிந்துவிடும். மாதாமாதம் 200 மணி நேர வேலை உங்கள் பெயருக்கு நிலையாக வருகிறது என்ற நிலைக்குப் பிறகு, கையிருப்பில் ஒரு பகுதியைப் போட்டு இயந்திரம் வாங்குங்கள்.

கோவை என்றவுடன் எல்லோரும் ஜி.டி. நாயுடுவைச் சொல்வார்கள். அவர் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று சொல்லப்படுவதை அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கியது 1937-ல். இடையில் பதினேழு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் பஸ் தொழில் பணம் கொடுத்தது, இயந்திர அறிவும் சேர்ந்தது. மோட்டாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பஸ்ஸைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பிணையம் இல்லாமல் கடன் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்திய அரசும் சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ல் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. அதன் உத்தரவாதத்தில் வங்கிகள் சொத்துப் பிணையம் கேட்காமல் சிறு தொழிலுக்குக் கடன் தரலாம். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில், படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் கிடைக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். வங்கி மேலாளர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால், கடன் உத்தரவாதத் திட்டத்தில் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். பத்திரம் கேட்பது அவருக்கு எளிது. அதற்காக நீங்கள் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை.

பத்திரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்குள் கட்டாவிட்டால், சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட வங்கிக்கு வழி இருக்கிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமல் ஐந்து மாதம் இழுத்தடித்தால் போதும், இதெல்லாம் தொடங்கிவிடும். உங்கள் திறமையில் குறை இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அப்பா தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன சொன்னார் என்று எழுதவில்லை. நாங்கள் தொடங்கியபோது என் நகையில் பாதியை அடகு வைத்தோம். மறுபாதி மாமியாரின் பீரோவில் இருந்தது. அடகு வைத்த பாதி முழுகிப்போனால் லேத்தை விற்றுவிட்டு என் கணவர் மறுபடி மில் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று மாமனார், மாமியார், என் அண்ணன் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்த பிறகே லேத் வந்து இறங்கியது. அந்தத் தொகை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முதல் இரண்டு ஆண்டு நஷ்டத்தில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நீங்களும் அப்பா, அம்மா, திருமணம் ஆகியிருந்தால் மனைவி, எல்லோரையும் உட்கார வைத்து, எவ்வளவு போனால் நிறுத்துவீர்கள் என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். நிறுத்தினால் எந்த வேலைக்குப் போவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்கு மென்பொருள் வேலை தெரியும் என்பது பெரிய பலம்.

என் கணவர் மஞ்சள் மெருகேற்றும் இயந்திரம் ஒன்றைப் புதிதாக வடிவமைத்திருக்கிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை. வங்கிக் கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். தயங்கினால், "முருகானந்தம் மனைவி மாதிரி நீயும் பிறகு வருத்தப்படுவாய்" என்கிறார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள்.
– ஒரு வாசகி, ஈரோடு

அம்மா, உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்ல விடாதீர்கள்.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி, அதைப் பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிடாமல் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொண்டுசேர்த்தவர். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஆராய்ச்சி நடந்த ஆண்டுகளில் மனைவியும் தாயும் தம்மை விட்டுப் பிரிந்துபோனதையும், மனைவி பின்னர் திரும்பி வந்ததையும் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் கதையைச் சொல்லி மனைவியிடம் கையெழுத்து வாங்குவது அந்த மனிதருக்கே செய்யும் அநீதி. அவர் வீட்டில் நடந்தது எத்தனை வலி என்பதை மறந்துவிட்டு, முடிவில் கிடைத்த விருதை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

சட்டத்தைச் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் கணவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. ஆகவே படிவத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஜாமீன் ஒரு குறிப்பிட்ட தொகைக்கா, அல்லது அவர் இன்று வாங்கும் கடன், நாளை வாங்கப்போகும் கடன் அனைத்துக்குமா? தொகை எழுதும் இடம் காலியாக இருக்கிறதா? காலி இடம் இருந்தால் பேனாவைத் திறக்காதீர்கள். 1991-ல் எங்கள் ஓவர் டிராஃப்டுக்கு நான் கையெழுத்துப் போடும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் படித்துச் சொல்லும்படி மேலாளரிடம் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் படித்துச் சொன்னார். கேட்பது நம் உரிமை.

கையெழுத்துப் போடுவது என்று நீங்களே மனமொப்பி முடிவு செய்தால், அதற்கு முன் குழந்தைகளுக்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள். கணவர் தம் உயிர்மீது எடுக்கும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, குழந்தைகள் பெயருக்கு எழுதலாம். அப்படி எழுதினால் அது ஓர் அறக்கட்டளைபோல ஆகிவிடுகிறது; கணவரின் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தில் குறிப்பிட வேண்டும். கடனை ஏமாற்றும் நோக்கத்தில் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு நிற்காது என்பதால், கடன் நெருக்கடி தொடங்கும் முன் எடுக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டாக இருக்கும் இந்தச் சட்டத்தை எங்கள் பகுதிப் பட்டறைக்காரர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் வருங்கால வைப்பு நிதியையும், பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் அதையும், கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் ஜப்தி செய்ய முடியாது. அவற்றிலிருந்து பணம் எடுத்துத் தொழிலில் போட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கணவரிடம் இன்னொன்று கேளுங்கள். இயந்திரத்துக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட்டாரா? முழு விவரம் தயாராக இல்லாவிட்டாலும் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. சிறு தொழில்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. விண்ணப்பம் போடும் முன் மஞ்சள் மண்டியில் எல்லோர் முன்னிலையிலும் இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு வியாபாரியாவது முன்பணம் கொடுத்து அந்த இயந்திரத்தைக் கேட்கிறாரா என்று பாருங்கள். முன்பணம் கொடுக்க ஒருவரும் இல்லாதபோது, முதல் பணத்தை உங்கள் சம்பளத்தின் மீது ஏன் ஏற்ற வேண்டும்?

முப்பது ஆண்டாக நடத்திய அச்சகத்தை மகன் எடுத்துக்கொள்ள மறுக்கிறான். என்ன சொல்லி அவன் மனதை மாற்றுவது?
– ஒரு வாசகர், சிவகாசி

மாற்ற வேண்டாம், ஐயா. என் மகனும் பட்டறைக்கு வரவில்லை. அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறான். வகுப்பைப் பற்றிப் பேசும்போது அவன் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். உங்களுக்கு மகள் உண்டா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் அவரைக் கேட்டீர்களா? இல்லையென்றால், உங்களிடம் நெடுநாள் வேலை பார்க்கும் மூத்த மெஷின்மேனைக் கேளுங்கள். பங்கு கொடுத்தால் தொழிலை எடுத்து நடத்தக்கூடியவர் பெரும்பாலும் அந்தக் கூரையின் கீழேயே இருப்பார்.

பெரிய கம்பெனி ஒன்றுக்கு வார்ப்படம் சப்ளை செய்கிறேன். 11 லட்சம் ரூபாய் ஏழு மாதமாக நிற்கிறது. கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். சட்டப்படி போனால் அடுத்த ஆர்டர் வராது என்று பயம்.
– ஒரு வாசகர், கோவை

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் இல்லை. நம் ஊரில் மூடிய பட்டறைகளில் எத்தனையோ, வேலை இல்லாமல் மூடவில்லை. செய்த வேலைக்குப் பணம் வராமல் மூடின.

2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் சட்டம் உங்களுக்கு வலுவான துணை. குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர், எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். புகாரை விசாரிக்கும் வசதிக் குழு கோவையிலும் இருக்கிறது. இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். குழு உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால், மேல்முறையீடு போக நினைக்கும் கம்பெனி அந்தத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே பல கம்பெனிகள் விண்ணப்பம் பதிவானவுடன் பேச வருகின்றன. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லாமல் இவை எதுவும் நடக்காது; பொருள் கொடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதனால் படிப்படியாகப் போங்கள். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராவிட்டால், அந்தத் தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. பணம் தந்த ஆண்டில்தான் காட்டலாம். இதைக் கொள்முதல் பிரிவில் சொல்லிப் பயனில்லை. கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு உத்யம் சான்றின் நகலோடு கடிதம் எழுதுங்கள். மார்ச் மாதத்தில் எழுதினால் இன்னும் வேகமாக வேலை நடக்கும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் 'டிரெட்ஸ்' எனப்படும், பில்லை வைத்துப் பணம் பெறும் இணையத் தளங்களில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனி உங்கள் பில்லை அங்கே ஒப்புக்கொண்டால், ஏதாவது ஒரு வங்கி சிறு தள்ளுபடியுடன் சில நாளில் பணம் கொடுத்துவிடும். கம்பெனி பணம் தராமல் போனாலும் வங்கி உங்களிடம் திரும்பக் கேட்காது.

இவ்வளவுக்கும் மசியாத கம்பெனியிடமிருந்து வரும் அடுத்த ஆர்டர் உங்களுக்கு எதற்கு? அதையும் உங்கள் காசில்தான் செய்து கொடுப்பீர்கள். உங்கள் வீட்டில் இந்த 11 லட்சம் பற்றித் தெரியுமா என்றும் கேட்க விரும்புகிறேன். வெளியே வர வேண்டிய பாக்கியை மனைவிக்குச் சொல்லாமல் மறைத்துவைத்து, இரவெல்லாம் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருக்கும் ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிவிடுங்கள்.

டேபிள் டாப் கிரைண்டர் செய்கிறோம். ஓர் ஆன்லைன் பிராண்ட் எங்கள் உற்பத்தியில் முக்கால் பங்கைத் தன் பெயரில் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. புது ஷெட் போடச் சொல்கிறார்கள்.
– சகோதரர்கள் இருவர், கோவை

கிரைண்டர் கோவையின் செல்லப் பிள்ளை. 1955-ல் பி. சபாபதி இங்கே உருவாக்கியது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதை நீங்கள் செய்வதில் எனக்கு மகிழ்ச்சி.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது நம் ஊர் எப்படி இருந்தது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். இரவு பகலாக வேலை. எனக்குத் தெரிந்த உதிரிபாகப் பட்டறைகள் அந்த ஆர்டரை நம்பி இயந்திரம் வாங்கின, ஆள் எடுத்தன. திட்டம் நின்ற பிறகு அந்த இயந்திரங்கள் பாதி விலைக்குப் போனதையும் பார்த்தேன். நன்மை பெற்ற குடும்பங்கள் கோடிக்கணக்கில் உண்டு, திட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஒரே வாசல் வழியாக வந்த ஆர்டர் அதே வாசல் வழியாகத் திரும்பிப்போனது என்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரே வாடிக்கையாளருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. இதனால் நல்ல ஆர்டர்களை விட்டிருக்கிறோம். உங்கள் கிரைண்டர் உங்கள் பெயரில் விற்பனையாகும் கடைகளை அந்த பிராண்டுக்காகக் கைவிடாதீர்கள். இப்போதிருக்கும் ஷெட்டில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுங்கள். புது ஷெட் வேண்டும் என்று அவர்கள் விரும்பினால், டை (அச்சு) செலவையும் ஆறு மாத ஆர்டருக்கான முன்பணத்தையும் அவர்கள் போடட்டும். 2022 ஜூலையில் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது என்ன பாடு பட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். நாளை இதுபோல ஏதாவது நடந்தால் விலையை யார் ஏற்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சகோதரர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: பங்குதாரர் நிறுவனத்தில் ஒருவர் போடும் கையெழுத்து இருவரின் சொந்தச் சொத்தையும் கட்டும். பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் எல்எல்பி-யாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ மாற்றுவது பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள். அண்ணன் தம்பி உறவு நன்றாக இருக்கும்போதே பேசுவது எளிது.

செயற்கை நுண்ணறிவு சிஎன்சி புரோகிராம் எழுதிக் கொடுக்கிறதாமே? புரோகிராமர் வேலைக்குப் படிக்கும் என் மகளுக்கு எதிர்காலம் உண்டா?
– ஒரு தாய், ஓசூர்

உண்டு. என் மகள் அதைத் தினமும் பயன்படுத்துகிறாள். குஜராத் வாடிக்கையாளருக்கு இந்தியில் விலைப்புள்ளிக் கடிதம் எழுத, பழைய புரோகிராமில் இருக்கும் மேக்ரோ (கட்டளைத் தொகுப்பு) என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள, ஒரே மாதிரி ஷாஃப்டுகளுக்கு நீளத்தை மட்டும் மாற்றி எழுத என்று பல வேலைக்கு. முன்பு அரை நாள் பிடித்தது சிறிது நேரத்தில் முடிகிறது. ஒருமுறை ஷாஃப்டின் ஒரு முனையில் இடப்பக்க மரை வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தும், அது வலப்பக்க மரைக்கு எழுதிக் கொடுத்தது. திரையில் பார்க்க எல்லாம் ஒழுங்காக இருந்தது. வரைபடத்தோடு ஒப்பிட்டுப் படித்ததால்தான் பிடிபட்டது. அதனால் எங்கள் பட்டறையில், யார் எழுதிய புரோகிராமாக இருந்தாலும் முதலில் ஜாப் மாட்டாமல் டிரை ரன், பிறகு ஒரே ஒரு பீஸ், அதை அளந்து பார்த்த பிறகே லாட்.

உங்கள் மகள் கோடு எழுதுவதோடு நின்றுவிடாமல் இயந்திரத்தின் அருகில் போகட்டும். வரைபடம் படிக்க, டூல் தேர்ந்தெடுக்க, சில்லு நீலம் பாய்ந்து வருகிறதா என்று பார்க்க, சத்தம் மாறினால் நிறுத்தக் கற்றுக்கொள்ளட்டும். ஆபரேட்டர்களோடு சேர்ந்து ஒரு ஷிஃப்ட் நிற்க அவரை அனுப்புங்கள். பெண் பிள்ளை எண்ணெய்க் கையோடு வருவதை உறவினர்கள் ஏதாவது சொல்வார்கள். என் மகளைப் பற்றியும் சொன்னார்கள். அவளிடம் இப்போது அவர்களுடைய பிள்ளைகள் வேலை கேட்டு வருகிறார்கள்.

மில் மூடிவிட்டார்கள். 52 வயது. மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன், லேத் ஓட்டத் தெரியும். செட்டில்மென்ட் பணம் கையில் இருக்கிறது. சிஎன்சி கற்றுக்கொள்ளலாமா, அல்லது நண்பர் சொல்லும் திட்டத்தில் பணத்தைப் போட்டு மாத வருமானம் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், சிங்காநல்லூர்

கற்றுக்கொள்ளுங்கள், அண்ணா. என் கணவரும் மில்லில் இருந்து வந்தவர்தான். சாதா லேத்தில் கை பழகியவர் சிஎன்சியில் சீக்கிரம் தேறுவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். இரும்பு எப்போது அதிரும், டூல் எப்போது மழுங்கும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகப் பழக வேண்டியது எக்ஸ், இசட் அச்சுகள், ஆஃப்செட், திரையில் வரும் ஆங்கிலச் சொற்கள். ஒரு நோட்டில் அந்தச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டராகச் சேருவதைவிட செட்டராக (டூலையும் அளவையும் பொருத்தி இயந்திரத்தைத் தயார் செய்பவராக) ஆக முயலுங்கள். அனுபவத்துக்கு அங்கேதான் சம்பளம். பயிற்சி மையத்தில் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டால், பயிற்சிக்கென்று எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன என்று நேரில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

நண்பரின் திட்டம் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. மாத வருமானம் உறுதி என்று சொன்னால் அதுவே எனக்குப் போதும், வேண்டாம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, ஓய்வுபெற்ற எத்தனை பேர் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் நின்றார்கள் என்பதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. தெரியாத தொழிலில், தெரிந்த மனிதரை நம்பிப் பணம் போட்டார்கள். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த இரும்பில் இருங்கள்.

செட்டில்மென்ட் பணத்தை அஞ்சலக மாத வருவாய்த் திட்டத்தில் மனைவியோடு கூட்டுக் கணக்காகப் போடுங்கள். கூட்டுக் கணக்கில் 15 லட்சம் ரூபாய் வரை போடலாம். பயிற்சிக் கட்டணத்தை அதில் வரும் வட்டியிலிருந்து கட்டிக்கொள்ளலாம். சிங்காநல்லூரிலிருந்து கணபதிக்கு பஸ் வசதி இருக்கிறது. பயிற்சி முடிந்ததும், செட்டர் தேவை என்று கேட்டில் பலகை தொங்கவிட்டிருக்கும் பட்டறைகளில் நேராக நுழைந்து கேளுங்கள்.